வானத்து விலங்குகளுக்கு இலத்தீன் பெயர் வந்த கதை

வானத்தை இன்று 88 விண்மீன் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவை உயிரினங்கள். சிங்கம், கரடி, காளை போன்ற பெரிய விலங்குகள் மட்டுமில்லை. பல்லி உண்டு, பச்சோந்தி உண்டு, முயல் உண்டு, ஒரே ஒரு ஈ கூட உண்டு. எல்லாவற்றுக்கும் அதிகாரபூர்வப் பெயர் இலத்தீனில்தான். எந்த நாட்டு வானியலாளராக இருந்தாலும் சிங்கத்தை லியோ என்றும் காக்கையைக் கோர்வஸ் என்றும் முயலை லெப்பஸ் என்றும்தான் ஆய்வுக் கட்டுரையில் எழுதுவார்.

அப்படியானால் இவை ரோமர்கள் வைத்த பெயர்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரோமர்களே புதிதாக வானத்தில் ஏற்றி, இன்றுவரை நிலைத்திருக்கும் விலங்கு எது என்று தேடினால் கையில் ஒன்றும் தேறாது. சிங்கத்தைப் பாபிலோனியர் அங்கே வைத்தார்கள். டால்பினைக் கிரேக்கர்கள் வைத்தார்கள். ஈயை டச்சு மாலுமிகளும், குட்டி நரியை பால்டிக் கடலோரத்தில் மதுபானம் காய்ச்சும் தொழில் நடத்திய ஒரு வானியலாளரும் வைத்தார்கள். இவர்கள் எல்லோரும் சொன்னதைப் படித்தவர்கள் பதிவு செய்த பொதுமொழி இலத்தீன். எனவே ஒரு பெயரின் இலத்தீன் வடிவத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்த விலங்கு எந்தக் காலத்தில், யார் கையால் மேலே போனது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தப் பெயர்களில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

பெயரோடு ஒட்டிக்கொண்ட உருபு

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடலாம். பலர் குழம்புவது இங்கேதான். சிங்கத்தின் குழு லியோ. ஆனால் அதன் மிகப் பிரகாசமான விண்மீனை ஆல்பா லியோனிஸ் என்கிறார்கள். துருவ விண்மீன் இருக்கும் குட்டிக் கரடி உர்சா மைனர். அந்த விண்மீனோ ஆல்பா உர்சே மைனோரிஸ். எங்கிருந்து வந்தது இந்த ‘னிஸ்’, இந்த ‘சே’?

நாம் ஆறாம் வேற்றுமை என்று சொல்வதுதான் இது. ‘சிங்கம்’ என்பது ‘சிங்கத்தின்’ என்று மாறுவதுபோல, ‘லியோ’ என்பது ‘லியோனிஸ்’ என்று மாறுகிறது. ஆல்பா லியோனிஸ் என்றால் ‘சிங்கத்தின் ஆல்பா’. 1603-ல் ஜெர்மானிய வழக்கறிஞர் யோஹன் பாயர் தம்முடைய விண்மீன் வரைபட நூலில், ஒவ்வொரு குழுவிலும் உள்ள விண்மீன்களுக்கு ஏறக்குறையப் பிரகாச வரிசையில் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தார். எழுத்துக்குப் பின்னால் குழுவின் பெயரை உடைமை உருபோடு சேர்ப்பது வழக்கமாயிற்று. இலத்தீனை வீட்டில் பேசுகிறவர்கள் இல்லாமல் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அதன் வேற்றுமை உருபுகள் வானியல் ஆய்வுக் கட்டுரைகளில் தினமும் புழங்குகின்றன.

ஒருமை, பன்மைகூட அப்படியே காப்பாற்றப்படுகிறது. ராசி மண்டலத்தில் இருக்கும் இரட்டை மீன்கள் பைசஸ். இது பன்மை. தெற்கே தனியாக நீந்தும் மீன் பைசிஸ் ஆஸ்ட்ரைனஸ். இது ஒருமை. பெரிய நாய் கேனிஸ் மேஜர் என்ற ஒற்றை நாய், வேட்டை நாய்கள் கேனீஸ் வெனாட்டிசி என்ற இரண்டு நாய்கள். உருபு சேரும்போது முதலாவது ‘கேனிஸ் மேஜோரிஸ்’ ஆகும், இரண்டாவது ‘கேனும் வெனாட்டிக்கோரும்’ ஆகும். பார்க்க மிரட்டலாக இருக்கும் இந்த நீளச் சொல்லுக்கு ‘வேட்டை நாய்களுடைய’ என்பதற்கு மேல் பொருள் ஒன்றும் கிடையாது. இந்த நீளத்தைச் சுருக்கத்தான் 1922-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒவ்வொரு குழுவுக்கும் ரோமன் லிபியில் மூன்றெழுத்துச் சுருக்கம் வகுத்தது. லியோவுக்கு அந்தச் சிரமம் இல்லை. முழுப் பெயரே மூன்றெழுத்துதான்.

மிகப் பழைய அடுக்கு

ராசி மண்டலத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘சோடியாக்’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘சிறு விலங்குருவங்களின் வட்டம்’ என்பது பொருள். அந்த வட்டத்தில் உயிரில்லாத பொருள் ஒன்றே ஒன்று: தராசு. அதுவும் கிரேக்கர்களுக்குத் தேளின் கொடுக்குகளாகவே இருந்தது. தராசின் இரண்டு முக்கிய விண்மீன்களின் அரபுப் பெயர்கள் இன்றும் சுபெனெல்கெனுபி, சுபெனெஸ்சமாலி. ‘தெற்குக் கொடுக்கு’, ‘வடக்குக் கொடுக்கு’ என்று பொருள். தேளிடமிருந்து கொடுக்கைப் பிடுங்கித் தராசு செய்த பிறகும் பெயர் மட்டும் தேளையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிங்கம், காளை, தேள், ஆட்டுமீன் ஆகிய உருவங்கள் மெசபொத்தேமியாவின் களிமண் ஏடுகளிலேயே இருக்கின்றன. காக்கையும் அது உட்கார்ந்திருக்கும் பாம்பும்கூட அங்கிருந்து வந்தவைதான். கிரேக்கர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு தங்கள் கதைகளைப் பொருத்தினார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அராட்டோஸ் என்ற கவிஞர் வானத்து உருவங்களை வருணித்து நீண்ட கவிதை எழுதினார். ரோமில் அதற்கு இருந்த மவுசு சாதாரணமில்லை. சிசெரோ இளம் வயதில் அதை இலத்தீனில் பெயர்த்தார். பிற்பாடு ஜெர்மானிக்கஸ் சீசர் இன்னொரு மொழிபெயர்ப்பு செய்தார். இலத்தீன் பெயர்களில் பெரும் பகுதி இப்படி மொழிபெயர்ப்பு வழியாகப் புழக்கத்துக்கு வந்தது.

அந்த மொழிபெயர்ப்பாளர்கள் செய்ததில் ஒரு போக்கு தெரிகிறது. வீட்டுக்கும் வயலுக்கும் பக்கத்தில் பார்த்த விலங்கு என்றால் சொந்தச் சொல்லையே போட்டார்கள். செம்மறிக் கடாவுக்கு ஏரிஸ், கரடிக்கு உர்சா, நாய்க்குக் கேனிஸ், முயலுக்கு லெப்பஸ், கழுகுக்கு அக்விலா, காக்கைக்குக் கோர்வஸ். எல்லாம் பச்சையான இலத்தீன். கடலும் புராணமும் சம்பந்தப்பட்ட பிராணி என்றால் கிரேக்கச் சொல்லுக்கே இலத்தீன் விகுதி மாட்டிவிட்டார்கள். டெல்ஃபினஸ் (டால்பின்), சீட்டஸ் (கடல் பூதம்), ஹைட்ரா (பாம்பு), டிராக்கோ (டிராகன்) எல்லாம் அந்த வகை. அன்னப்பறவைக்கு இலத்தீனில் ‘ஓலோர்’ என்று சொந்தச் சொல் இருந்தும், கிரேக்க ‘குக்னோஸ்’ வழி வந்த சிக்னஸ்தான் நிலைத்தது. இத்தனைக்கும் பண்டைய வானியலாளர் டாலமி அதை வெறுமனே ‘பறவை’ என்று மட்டும்தான் குறித்திருந்தார்.

சீட்டஸைத் தமிழில் திமிங்கிலம் என்று எழுதுகிறோம். கிரேக்கக் கதையில் அது ஆந்திரோமெடாவை விழுங்க வந்த கடல் பூதம். பழைய வரைபடங்களில் முன்னங்கால்களோடும் சுருண்ட வாலோடும், எந்தத் திமிங்கிலத்துக்கும் ஒவ்வாத உருவத்தில்தான் இருக்கும். அதே ‘சீட்டஸ்’ விலங்கியலில் திமிங்கில இனத்துக்குப் பெயரான பிறகுதான் வானத்துப் பூதமும் சாதுவான திமிங்கிலமாயிற்று.

ஓநாயின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். லூப்பஸ் என்றால் ஓநாய், சந்தேகமில்லை. ஆனால் டாலமியின் பட்டியலில் அதற்குப் பெயர் ‘தேரியோன்’, அதாவது ஏதோ ஒரு காட்டு விலங்கு. பக்கத்தில் இருக்கும் சென்டாரஸ் என்ற குதிரை மனிதன் பலிக்குக் கொண்டுபோகும் விலங்கு அது. என்ன விலங்கு என்று யாரும் சொல்லவில்லை. ரோமர்களும் ‘பெஸ்டியா’ என்று பொத்தாம் பொதுவாக விட்டுவிட்டார்கள். அது ஓநாய் என்று முடிவானது வெகு காலம் கழித்துத்தான்.

கேப்ரிகார்னஸைப் பிரித்தால் ‘ஆடு’, ‘கொம்பு’ என்ற இரண்டு இலத்தீன் சொற்கள் கிடைக்கும். ‘ஆட்டுக்கொம்பன்’ என்ற கிரேக்கப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு இது. பின்பாதி மீன் என்பது பெயரில் எங்குமே இல்லை. படத்தில் மட்டும் பாபிலோனிய ஆட்டுமீன் அப்படியே இருக்கிறது. நம் பக்கம் அது மகரம் என்ற நீர்விலங்காகிவிட்டது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் ராசிகளுக்கு வேறு பெயர்களையும் தருகிறார்: கிரிய, தாவுரி, லேய, கௌர்ப்பி, ஆகோகேர. கிரேக்கத்தின் கிரியோஸ், தவ்ரோஸ், லியோன், ஸ்கார்ப்பியோஸ், ஐகோகெரோஸ் ஆகியவைதான் சமஸ்கிருத உடுப்பில் நிற்கின்றன. மேற்கே ரோமர்கள் பெயர்த்து எழுதிய அதே விலங்குகள் கிழக்கே வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கின்றன.

நண்டுக்கு இலத்தீனில் கேன்சர். புற்றுநோய்க்கும் அதே பெயர்தான். கிரேக்க மருத்துவர்கள் கட்டிகளைக் ‘கார்கினோஸ்’ (நண்டு) என்று அழைத்தார்கள். இலத்தீனில் எழுதிய செல்சுஸ் அதைக் கேன்சர் என்று பெயர்த்தார். கடக ரேகை, மகர ரேகை என்று பூகோளத்தில் படிக்கிறோமே, அந்தப் பெயர்களும் இந்த அடுக்கைச் சேர்ந்தவைதான். பெயர் வைத்த காலத்தில் சூரியன் வடகோடியைத் தொடும்போது நண்டில் இருந்தது, தென்கோடியைத் தொடும்போது ஆட்டுக்கொம்பனில் இருந்தது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் இன்று அந்த இரண்டு நாட்களிலும் சூரியன் நிற்பது காளையிலும் வில்லாளியிலும். ரேகையின் பெயரை யாரும் மாற்றவில்லை.

கரடியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கிரேக்கத்தில் கரடிக்கு ‘ஆர்க்டோஸ்’. கரடி இருக்கும் திசை என்பதால்தான் வடதுருவப் பகுதிக்கு ஆர்க்டிக் என்று பெயர். ரோமர்களுக்குப் பெரிய கரடியின் ஏழு விண்மீன்களும் முதலில் கரடியாகத் தெரியவில்லை. ‘செப்டெம் திரியோனேஸ்’, அதாவது ஏழு உழவு மாடுகள் என்றார்கள். இலத்தீனில் வடக்குத் திசைக்கே ‘செப்டென்டிரியோ’ என்று பெயர் வந்தது இதனால்தான். இத்தாலியில் வடபகுதியை இன்றும் அந்தச் சொல்லின் திரிபால் குறிக்கிறார்கள். ஏட்டில் கிரேக்கக் கரடி ஜெயித்துவிட்டது, திசையில் உழவு மாடு நின்றுவிட்டது. சப்தரிஷிகளை முன்பு ‘ரிக்ஷ’ என்று அழைத்தார்கள் என்று சதபத பிராமணத்தில் ஒரு குறிப்பு உண்டு. ரிக்ஷ என்றாலும் கரடிதான். ரிக்ஷ, ஆர்க்டோஸ், உர்சுஸ் மூன்றும் ஒரே வேரிலிருந்து பிரிந்த சொற்கள்.

ஒரு கொக்கி நாய்களாகிறது

கி.பி. 150 வாக்கில் டாலமி 48 விண்மீன் குழுக்களையும் ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்களையும் கிரேக்கத்தில் பட்டியலிட்டார். மேற்கு ஐரோப்பாவில் அந்த நூல் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் போனது. பாக்தாத்தில் அரபுக்குப் பெயர்த்தார்கள். பிறகு 1175-ல் ஸ்பெயினின் டொலேடோ நகரில், கிரிமோனா ஊர்க்காரரான ஜெரார்ட் அரபிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். கிரேக்கம், அரபு, இலத்தீன் என்று மூன்று கை மாறியதன் தடயம் பெயர்களில் அப்படியே இருக்கிறது. குழுவின் பெயர் இலத்தீன், அதற்குள் இருக்கும் விண்மீனின் பெயர் அரபு. லியோவின் வாலில் இருப்பது டெனெபோலா, ‘சிங்கத்தின் வால்’. சிக்னஸின் வாலில் இருப்பது டெனெப், வெறும் ‘வால்’. அரேபியர்கள் அந்தப் பறவையைக் கோழி என்றார்கள். ஆகவே அது அன்னத்தின் உடம்பில் ஒட்டிய கோழிவால்.

இந்தக் கைமாற்றத்தில் நேர்ந்த மிகச் சுவையான விபத்து வேட்டை நாய்கள். பூட்டெஸ் என்ற இடையன் கையில் ஒரு தடி இருப்பதாக டாலமி எழுதியிருந்தார். அரபு மொழிபெயர்ப்பில் அது ‘குல்லாப் உள்ள கோல்’ ஆயிற்று. குல்லாப் என்றால் கொக்கி. கொக்கி வைத்த கோல், இடையனுக்குப் பொருத்தமான கருவிதான். ஆனால் அரபில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. ‘குல்லாப்’ என்று எழுதினாலும் ‘கிலாப்’ என்று எழுதினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே எழுத்துகள்தான். கிலாப் என்றால் நாய்கள். இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர் நாய்கள் என்றே படித்து, ‘நாய்களை உடைய ஈட்டிக்கோல்’ என்று எழுதிவிட்டார்.

ஈட்டியில் நாய் எப்படி இருக்கும் என்று படித்தவர்கள் திகைத்திருப்பார்கள். 1533-ல் பீட்டர் ஆப்பியன் என்ற ஜெர்மானியர் அந்தத் திகைப்பைத் தீர்க்கும் விதமாக இடையனோடு இரண்டு நாய்களை வரைந்தார். 1687-ல் ஹெவேலியுஸ் என்ற வானியலாளர் அந்த நாய்களைத் தனிக் குழுவாக்கி, ஆஸ்டெரியோன், காரா என்று பெயரும் வைத்தார். ஒரு குறில் உயிரைத் தவறாக ஊகித்ததில் இரண்டு நாய்கள் பிறந்து வானத்தில் நிரந்தர இடம் பிடித்துவிட்டன. புகழ்பெற்ற நீர்ச்சுழி விண்மீன்திரள் இருப்பது இந்தக் குழுவின் எல்லைக்குள்தான்.

குட்டிகள்

இலத்தீனில் எதையும் செல்லமாகச் சிறிதாக்க விகுதிகள் உண்டு: -குலா, -எல்லா, -எல்லுஸ், -உலுஸ். விண்மீன் பெயர்களில் இவை கொட்டிக் கிடக்கின்றன. தேரோட்டியின் தோளில் ஒளிரும் கேப்பெல்லா ‘குட்டி வெள்ளாடு’. சிங்கத்தின் மார்பில் இருக்கும் ரெகுலஸ் ‘குட்டி அரசன்’. பெகாசஸ் என்ற பறக்கும் குதிரைக்குப் பக்கத்தில் எக்குவூலியஸ், ‘குட்டிக் குதிரை’. 88-ல் பரப்பளவில் இரண்டாவது சிறிய குழு இது, பெயருக்கு ஏற்ற அளவுதான். ரோமர்கள் சிரியஸ் விண்மீனைக் ‘கேனிக்குலா’, குட்டி நாய் என்றார்கள். விடியலில் சூரியனுக்குச் சற்று முன்னால் அது மீண்டும் தலைகாட்டும் நாட்கள் கடும் வெயில் காலமாக இருந்ததால் அவை ‘நாய் நாட்கள்’ ஆயின. வெப்ப அலைக்குப் பிரெஞ்சில் இன்றும் ‘கனிக்யூல்’தான்.

இவற்றில் நான் எல்லோருக்கும் காட்ட விரும்புவது நண்டின் நடுவில் உள்ள கழுதைகளை. கேன்சர் மங்கலான குழு. நல்ல இருட்டில் பார்த்தால் அதன் மையத்தில் பஞ்சுப்பொதி போல ஒரு வெளிச்சத் திட்டு தெரியும். சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் கொத்து அது. ரோமர்கள் அதைப் ‘பிரேசேப்பே’, தீவனத் தொட்டி என்றார்கள். தொட்டிக்கு வடக்கே ஒரு விண்மீன், தெற்கே ஒரு விண்மீன். அசெல்லுஸ் பொரியாலிஸ், அசெல்லுஸ் ஆஸ்ட்ராலிஸ்: வடக்குக் கழுதைக்குட்டி, தெற்குக் கழுதைக்குட்டி. இரண்டும் தொட்டியில் தின்றுகொண்டிருக்கின்றன. ஒரு நண்டின் ஓட்டுக்குள் இப்படி ஒரு தொழுவமே இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

டால்பினிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது. டெல்ஃபினஸின் இரண்டு முக்கிய விண்மீன்களுக்கு சுவாலோசின், ரோட்டனெவ் என்று பெயர். 1814-ல் வெளியான பலெர்மோ ஆய்வகத்தின் விண்மீன் பட்டியலில் இந்தப் பெயர்கள் திடீரென்று தோன்றின. கிரேக்கமா, அரபா, யாருக்கும் விளங்கவில்லை. தாமஸ் வெப் என்ற ஆங்கிலேயர்தான் புதிரை அவிழ்த்தார். ரோமன் எழுத்துகளில் எழுதி, பின்னாலிருந்து படித்தால் நிக்கோலாவுஸ் வெனாட்டோர் என்று வரும். அந்த ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த நிக்கோலோ கச்சத்தோரே என்பவரின் இலத்தீன் வடிவம் அது. இத்தாலியத்தில் கச்சத்தோரே என்றால் வேட்டைக்காரர், இலத்தீனில் வெனாட்டோர். வேட்டை நாய்களின் ‘வெனாட்டிசி’யும் இதே சொல்லின் உறவுதான்.

மாலுமிகள் கொண்டுவந்த பிராணிகள்

டாலமி இருந்த அலெக்சாந்திரியாவிலிருந்து பார்த்தால் தென்துருவத்தைச் சுற்றிய வானம் தெரியாது. எனவே ஐரோப்பிய வரைபடங்களில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. 1595-ல் டச்சுக் கப்பல்கள் மசாலா தேடிக் கிழக்கே கிளம்பியபோது, பீட்டர் டிர்க்ஸோன் கெய்சர் என்ற மாலுமியிடம் தென்வானத்தை அளந்து வரும் வேலையை ஒப்படைத்தார் பெட்ரஸ் பிளான்சியஸ். இவர் வரைபடக் கலைஞர், கிறிஸ்தவப் போதகரும்கூட. கெய்சர் 1596-ல் ஜாவாவில் இறந்துபோனார். அவருடைய அளவீடுகள் மட்டும் ஊர் திரும்பின. அவற்றை வைத்துப் பிளான்சியஸ் 12 புதிய உருவங்களை ஒரு வானுருண்டையில் பதித்தார். அதே பயணத்தில் இருந்த பிரெடெரிக் டி ஹவுட்மன் பின்னர் சுமத்திராவின் அச்சேயில் சிறைப்பட்டிருந்த காலத்திலும் விண்மீன்களைக் கவனித்தார். 1603-ல் அவர் தம் விண்மீன் பட்டியலை வெளியிட்டது மலாய், மலகாசி மொழிகளுக்கான ஓர் அகராதியின் பின்னிணைப்பாக. சொற்களும் விண்மீன்களும் ஒரே அட்டைக்குள்!

அந்தப் பன்னிரண்டில் பத்து உயிரினங்கள். கதைகளில் வந்த பீனிக்ஸைத் தவிர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பயணத்தில் கண்ட, கேள்விப்பட்ட பிராணிகள்: மயில், கொக்கு, பச்சோந்தி, நீர்ப்பாம்பு, பறக்கும் மீன், டுக்கான் பறவை, ஈ. மொழியும் அதற்கேற்பக் கலவை. மயிலுக்குப் பாவோ, கொக்குக்குக் குரூஸ் என்று சுத்தமான இலத்தீன் கிடைத்தது. டுக்கானாவோ பிரேசிலின் டூப்பி மக்களுடைய சொல், இலத்தீன் விகுதி மட்டும் சேர்ந்தது. டொராடோ ஸ்பானிய, போர்ச்சுகீசிய மாலுமிகளின் சொல். ‘பொன் பூசியது’ என்று பொருள், கடலில் பளபளக்கும் ஒரு மீனின் பெயர். அந்தச் சொல்லையும் விடாமல் இலத்தீனாக்கி ‘டொராடுஸ்’ என்று உருபு சேர்த்தார்கள். டரான்டுலா நெபுலாவின் அதிகாரபூர்வக் குறியீடு 30 டொராடுஸ். 1987-ல் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவா வெடித்தது அதன் அருகில்தான்.

டொராடோ மீன் பறக்கும் மீனை விரட்டித் தின்னும். மாலுமிகள் அதைக் கண்ணாரப் பார்த்தவர்கள், ஆகவே வானத்திலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்கள். பறக்கும் மீனின் முழுப்பெயர் பைசிஸ் வோலன்ஸ். 19-ஆம் நூற்றாண்டில் இரட்டைச் சொற்களைக் குறைக்கலாம் என்று ‘பைசிஸ்’ஸை வெட்டிவிட்டார்கள். இன்று அதிகாரபூர்வப் பெயர் வெறும் வோலன்ஸ், ‘பறப்பது’. என்ன பறக்கிறது என்பதைப் பெயர் சொல்வதில்லை.

ஏப்பஸின் கதை கொஞ்சம் வருத்தம் தருவது. அது சொர்க்கப் பறவை. நியூ கினியா மக்கள் அந்தப் பறவையின் தோலைப் பாடம் செய்யும்போது காலை வெட்டிவிடுவார்கள். 1522-ல் மெகல்லனின் கப்பல் வழியாக முதல் தோல்கள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. காலில்லாத பறவையைப் பார்த்தவர்கள், இது தரையிலேயே இறங்காமல் காற்றில் மிதந்து வாழும் பறவை என்று நம்பினார்கள். கிரேக்கத்தில் ‘அபூஸ்’ என்றால் காலற்றது. அதுதான் ஏப்பஸ். 1758-ல் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தபோதும் ‘அபோடா’, காலற்றது என்றே வைத்தார். உலகத்தின் மிக அழகான பறவைகளில் ஒன்று, யாரோ வெட்டிய காலின் பெயரால் வானத்திலும் நூலிலும் நிற்கிறது.

இதோடு முடியவில்லை. ‘இந்தியப் பறவை’ என்று வரவேண்டிய இடத்தில், பறவைக்கான ‘அவிஸ்’ என்ற சொல் தேனீக்கான ‘அப்பிஸ்’ என்று அச்சாகிவிட்டது. பாயரின் 1603 வரைபடத்தில் பறவையின் படத்துக்கு அருகே ‘இந்தியத் தேனீ’ என்றிருக்கிறது. அதே பாயர், ஹவுட்மன் ஈ என்று குறித்த உருவத்தையும் தேனீ என்றே எழுதினார். ஒரே வரைபடத்தில் இரண்டு தேனீக்கள், இரண்டும் தேனீ கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை விரிவாக அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காயின் வரைபடத்தில் அது மீண்டும் ஈயாயிற்று. மஸ்கா என்ற பெயர் அதன்பிறகு நிலைத்தது.

பிளான்சியஸ் பழைய குழுக்களுக்கு இடையே இருந்த இடைவெளிகளையும் விட்டுவைக்கவில்லை. நோவாவின் புறாவாகக் கொலம்பா, ஒற்றைக் கொம்பு விலங்காக மொனோசெரஸ், ஒட்டகச்சிவிங்கியாகக் கெமலோபார்டலிஸ். கடைசிச் சொல்லில் ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்திருக்கின்றன. ஒட்டகம் போன்ற உடல், சிறுத்தை போன்ற புள்ளி. நம் ‘ஒட்டகச்சிவிங்கி’யும் கிட்டத்தட்ட அதே முறையில் அமைந்த சொல்தான்: ஒட்டகம், சிவிங்கி.

ஹெவேலியுஸும் கைவிடப்பட்டவையும்

யோஹன்னஸ் ஹெவேலியுஸ் டான்சிக் நகரத்து மதுபான ஆலைக்காரர். தொலைநோக்கி பரவிய பிறகும், விண்மீன்களின் இடத்தை அளப்பதற்கு வெறுங்கண்ணையே நம்பினார். அவர் அமைத்த குழுக்களில் லாசெர்ட்டா (பல்லி), லியோ மைனர் (குட்டிச் சிங்கம்), வல்பெக்குலா (குட்டி நரி), லிங்க்ஸ் ஆகியவை இன்றும் இருக்கின்றன. லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் பெயரை வைத்ததற்கு அவரே காரணம் சொன்னார்: இந்த மங்கலான விண்மீன்களைப் பார்க்க அந்தப் பூனையின் கண் வேண்டும். அவர் மறைந்த பிறகு, மனைவியும் சக ஆய்வாளருமான எலிசபெத் 1690-ல் இந்தக் குழுக்கள் அடங்கிய அவருடைய நூலை அச்சேற்றினார்.

குட்டி நரியின் வாயில் அவர் ஒரு வாத்தையும் வைத்திருந்தார். முழுப்பெயர் ‘வாத்தோடு குட்டி நரி’. காலப்போக்கில் வாத்து கழன்றுவிட்டது. ஆனால் ஆல்பா விண்மீனுக்கு அன்செர், ‘வாத்து’ என்றே பெயர். 1967-ல் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சர் (துடிப்பு விண்மீன்) இந்த நரியின் எல்லைக்குள் இருக்கிறது. பல்லியும் அதுபோல நவீன வானியலுக்குள் நுழைந்தது. அதில் ஒளி மாறும் விண்மீன் என்று 1929-ல் பதிவான பி.எல். லாசெர்ட்டே, உண்மையில் தொலைதூர விண்மீன்திரள் ஒன்றின் மையம் என்று பிறகு தெரிந்தது. அதைப் போன்ற விண்மீன்திரள்களின் ஒரு வகைக்கே இன்று அந்தப் பல்லியின் ஆறாம் வேற்றுமைதான் பெயர்.

எல்லா விலங்குகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1754-ல் ஜான் ஹில் என்ற ஆங்கிலேயர் தேரை, அட்டை, மண்புழு, ஓடில்லா நத்தை என்றெல்லாம் குழுக்களை முன்வைத்தார். எவரும் ஏற்கவில்லை. பனிமான், சேவல், ஆந்தை ஆகியவை சில வரைபடங்களில் வந்து மறைந்தன. 1922-ல் ரோமில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் 88 பெயர்களை உறுதி செய்தது. பெல்ஜிய வானியலாளர் யூஜின் டெல்போர்ட் வகுத்த எல்லைக் கோடுகள் 1930-ல் நூலாக வந்தன. பட்டியல் அத்தோடு மூடப்பட்டது.

அதில் இடம் கிடைக்காமல் போனவற்றில் பூனையும் ஒன்று. பிரெஞ்சு வானியலாளர் லலாந்த் பூனைப் பிரியர். சிங்கம், குட்டிச் சிங்கம், லிங்க்ஸ் எல்லாம் இருக்கும்போது வீட்டுப் பூனைக்கு இடமில்லையா என்று, ஹைட்ராவின் வளைவுக்கு அருகே ஃபெலிஸ் என்ற குழுவை 1799-ல் உருவாக்கினார். 1801-ல் ஜெர்மானிய வானியலாளர் போடேயின் பெரிய வரைபட நூலில் அது அச்சானது. அந்த நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தும் போனது. 2018-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விண்மீன் பெயர்க் குழு, அந்த இடத்தில் உள்ள ஒரு விண்மீனுக்கு ஃபெலிஸ் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டியது. குழுவாக முடியாத பூனை, இப்போது ஹைட்ரா என்ற பாம்பின் எல்லைக்குள் ஒற்றை விண்மீனாக இருக்கிறது.